ஆச்சிக்குப் பதினேழு, கேள்வித்தாளுக்கு எத்தனை?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உளவியல் துறை உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர்கள் ஐந்து பேருக்கு நான்தான் ப்ராஜெக்ட் கைடு. ‘ஆரோக்கியமான முதுமையில் ஞாபகசக்தி’ என்பது அவர்களே ஆசைப்பட்டு எடுத்த தலைப்பு. மறதிநோய் இருக்கலாமா என்று சல்லடை போடும் எம்.எம்.எஸ்.இ. என்ற முப்பது மதிப்பெண் கேள்வித்தாள் நெட்டில் கிடைத்தது; அதைத் தமிழாக்கி, பக்கத்துக் கிராமத்தில் பதினோரு பெரியவர்களிடம் கேட்டுவந்தார்கள். 24 மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் கோளாறு இருக்கலாம் என்று கணக்கு; எட்டுப் பேர் அதற்குக் கீழே. அதில் 74 வயது ஆச்சி ஒருவர் “எத்தனை மார்க் தாயி?” என்று கேட்க, மாணவி “முப்பதுக்குப் பதினேழு ஆச்சி, கொஞ்சம் கம்மிதான்” என்று சொல்லிவிட்டாள். ஆச்சி அன்று இரவு சாப்பிடவில்லையாம். மறுநாள் அவருடைய மகன் கல்லூரிக்குப் போன் செய்து சத்தம் போட்டார். அந்த மாணவி இனி ஊருக்குள் போகமாட்டேன் என்கிறாள். “பேசாமல் நம் மாணவர்களுக்கே ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பி, மொபைல் பழக்கம் பற்றி ஏதாவது செய்யுங்கள்” என்கிறார் துறைத்தலைவர். எனக்கும் இது சொந்தத் துறை இல்லை. என் முனைவர் பட்டம் வளரிளம் பருவத்தினர் பற்றியது. மார்ச்சில் வைவா. தலைப்பை மாற்றிவிடலாமா? மாற்றாவிட்டால் இந்த ஆறு மாதத்தில் இளநிலை மாணவர்களை வைத்து உருப்படியாக என்ன செய்ய முடியும்? ஆச்சியின் மதிப்பெண் தாளைப் பெயரை மறைத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: தலைப்பை மாற்றாதீர்கள். கேள்வித்தாளைத் தூக்கிப் போடுங்கள்.

நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை. ஆச்சி எங்கெங்கே அந்தப் பதின்மூன்று மதிப்பெண்களை இழந்தார் என்று பாருங்கள்.

‘இது என்ன மாதம்?’ என்ற கேள்விக்கு ஆச்சி ‘ஆடி’ என்றிருக்கிறார். தாளில் விடை ஆகஸ்ட் என்றிருப்பதால் பூஜ்யம். ‘இன்று என்ன தேதி?’ ‘ஆடித்தபசு கழிஞ்சு மூணா நாள்.’ அதற்கும் பூஜ்யம். தாளின் மேலே உங்கள் மாணவி எழுதியிருக்கும் தேதியை நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆச்சி சொன்னது துல்லியமாகச் சரி. ‘இது என்ன பருவம்?’ என்று கேட்டு, இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கு விடைகளை அடித்து வைத்திருக்கிறீர்கள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆடி மாதத்தில் இந்தக் கேள்வி. ஆச்சி ‘சாரல்’ என்றார். பூஜ்யம். தென்காசியில் இலையுதிர்காலம் எப்போது வரும் என்று எனக்கும் தெரியாது.

‘எந்த மாவட்டம்?’ ‘திருநெல்வேலி ஜில்லா.’ தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். எழுபது வருஷம் நெல்லை ஜில்லாக்காரியாக வாழ்ந்தவருக்கு ஒரு மதிப்பெண் போச்சு. ‘எந்த மாடியில் இருக்கிறோம்?’ என்பதற்கு நேராக மாணவியே ‘ஓட்டு வீடு’ என்று குறித்துவிட்டுப் பூஜ்யம் போட்டிருக்கிறாள். அப்புறம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது. இதில் மொத்தமாக ஐந்து போய்விட்டது. வாசிக்க ஒன்று, எழுத ஒன்று, இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய ஒன்று. பள்ளிக்கூடமே போகாதவர் என்று தாளின் தலைப்பிலேயே இருக்கிறது.

மாதம், தேதி, பருவம், மாவட்டம், மாடி, கணக்கில் ஐந்து, எழுத்து சம்பந்தமாக மூன்று. பதின்மூன்றும் சரியாக வந்துவிட்டது. இனி அவருக்குக் கிடைத்த மதிப்பெண்களைப் பாருங்கள். மூன்று வார்த்தைகளைச் சொல்லி, இடையில் கணக்குப் போடவைத்துக் கவனத்தைக் கலைத்து, அப்புறம் ‘முதலில் சொன்ன மூன்றையும் சொல்லுங்கள்’ என்று கேட்கும் இடம். அந்தத் தாளிலேயே ஞாபகத்தை நேரடியாகச் சோதிப்பது அது ஒன்றுதான். ஆச்சி மூன்றையும் சொல்லியிருக்கிறார். மூன்றுக்கு மூன்று.

ஞாபகசக்தியைப் பற்றி ஆய்வு செய்யப் போனவர்கள், ஞாபகம் நன்றாக இருக்கும் ஒருவரிடம் ‘மார்க் கம்மி’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். இதை வைத்து ஆச்சிக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் சான்றிதழ் தரவில்லை. அதையும் இந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. இந்தப் பதினேழுக்கு அர்த்தமே கிடையாது என்று மட்டும் சொல்கிறேன்.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், மாணவர்களுக்கும் சொல்லுங்கள். எம்.எம்.எஸ்.இ.யை ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் 1975இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியிடம் சில நிமிடங்களில் கேட்டு முடிப்பதற்காக உண்டானது. ‘எந்த மாடி’ என்ற கேள்வி அங்கிருந்து வந்ததுதான். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இதைப் பயன்படுத்த வேண்டி வந்தபோது, மேரி கங்குலியின் குழு அப்படியே மொழிபெயர்க்க மறுத்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்ப மாற்றி, அந்த மக்களிடமே சோதித்து, 1995இல் இந்தி வடிவத்தை வெளியிட்டார்கள். ‘கண்களை மூடு’ என்று எழுதிக்காட்டிப் படிக்கச் சொல்வதற்குப் பதிலாக, ‘நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள்’ என்றார்கள். வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். ஒரு கேள்வித்தாளை மொழி மாற்றுவது வேறு, ஊர் மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு வருஷக்கணக்கில் உழைப்பு வேண்டும்.

உங்கள் புள்ளிவிவரமே ஒரு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்ட நான்காயிரத்துச் சொச்சம் பேரை விரிவாகப் பரிசோதித்த லாசி-டேட் ஆய்வு, டிமென்ஷியா எனும் மறதிநோய் உள்ளவர்கள் 7.4 சதவீதம் என்று 2023இல் மதிப்பிட்டது. அந்தக் கணக்கில் உங்கள் பதினோரு பேரில் ஒருவர்கூட முழுதாகத் தேறமாட்டார். உங்கள் தாளிலோ எட்டுப் பேர் கோட்டுக்குக் கீழே நிற்கிறார்கள். எட்டுப் பேர் தெருவில் நடந்து போகிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள், சீட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள், ஆனால் தாளில் ஃபெயில். அப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தாளை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எம்.எம்.எஸ்.இ. பதிப்புரிமை உள்ள கருவி. நெட்டில் கிடைத்தது என்பதற்காக எடுத்துத் தமிழாக்க முடியாது. அப்படியானால் இதே மாதிரியான ‘மோகா’ என்ற இன்னொரு சோதனைத்தாளைப் பயன்படுத்தலாமே என்று யாராவது சொல்வார்கள். அதைப் பயன்படுத்துபவர்கள் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்று அதை உருவாக்கியவர்கள் நிபந்தனை வைத்திருக்கிறார்கள். என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது: இளநிலை ப்ராஜெக்டில் நோயைச் சல்லடை போடும் கருவி எதையும் தொடவே கூடாது. இருபது வயதுப் பிள்ளை கையில் ஒரு எண்ணைக் கொடுத்து, அந்த எண் ‘இவருக்கு மூளையில் கோளாறு இருக்கலாம்’ என்று சொல்லுமானால், அதைச் சுமக்கும் பக்குவம் அந்தப் பிள்ளைக்கும் இல்லை, கேட்கும் ஆச்சிக்கும் அவசியமில்லை. நீங்கள் எடுத்த தலைப்பு ஆரோக்கியமான முதுமை. ஆரோக்கியத்தைப் பார்க்க நோய்க்கான தாளை எடுத்துக்கொண்டு போனதுதான் முதல் பிசகு.

சரி, ஆரோக்கியமான முதுமையில் மனதுக்கு என்ன நடக்கிறது? வேகம் குறைகிறது, அது இருபதுகளின் கடைசியிலேயே மெல்லத் தொடங்கிவிடும். ஒருவர் பேரை யோசித்து எடுப்பது சிரமமாகிறது, நாலு பேரைச் சொல்லி ‘இதில் எது?’ என்றால் பளிச்சென்று சொல்லிவிடுகிறார்கள். சொல்வளமும் உலக அறிவும் அறுபதைத் தாண்டியும் நிற்கின்றன. சிலருக்கு வளரவும் செய்கின்றன. கடைசியாகச் சொன்னதை மாணவர்கள் நம்பமாட்டார்கள். கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் நெல் ரகங்களின் பெயரையோ மீன் வகைகளையோ ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்தால் நம்புவார்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. கல்லூரி மாணவர் முப்பது பேர், பெரியவர்கள் முப்பது பேர், இரண்டு சராசரிகளைக் கழித்து ‘வயதானால் ஞாபகம் குறைகிறது’ என்று எழுதுவது. உங்கள் மாணவர்களும் அங்கேதான் போகப்போகிறார்கள் என்று தாளைப் பார்த்தாலே தெரிகிறது. வார்னர் ஷாய் 1956இல் சியாட்டிலில் ஒரு ஆய்வைத் தொடங்கி, அதே மனிதர்களை ஏழு ஏழு வருஷமாகத் திரும்பத் திரும்பச் சோதித்தார். ஒரே நேரத்தில் இளையவர்களையும் முதியவர்களையும் ஒப்பிட்டால் தெரியும் சரிவு, ஒரே ஆளைத் தொடர்ந்து பார்க்கும்போது அவ்வளவு சீக்கிரமும் வரவில்லை, அவ்வளவு செங்குத்தாகவும் இல்லை. இடையில் இருந்தது பள்ளிக்கூடம், சாப்பாடு, வைத்தியம்: தலைமுறைகளுக்கு இடையே இருந்த வித்தியாசம். ஆச்சிக்கும் உங்கள் மாணவிக்கும் நடுவே இருப்பது 54 வயது மட்டும் இல்லை, பதினைந்து வருஷப் படிப்பும்தான். உங்கள் மாணவர்களுக்கு ஏழு வருஷம் கிடையாது, ஆறு மாதம்தான். அதனால் வயதின் விளைவைக் கண்டுபிடிக்கிறோம் என்ற ஆசையை முதல் நாளே விட்டுவிடச் சொல்லுங்கள். தலைப்பில் ‘தாக்கம்’ என்ற வார்த்தை வந்தால் நான் சிவப்பு மையால் அடிப்பது வழக்கம். கோலம் போடுவதன் தாக்கம், சுடோகுவின் தாக்கம், பக்திப் பாடலின் தாக்கம். ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வருவதில் தாக்கம் தெரியாது.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்கிறீர்கள். எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிம் கார்டுதான் செலவு.

‘நாளைக்கு நாலு மணிக்கு இதைச் செய்ய வேண்டும்’ என்று நினைவு வைத்திருப்பதும் ஞாபகம்தான். மாத்திரை போடுவது, அடுப்பை அணைப்பது, பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது எல்லாம் இதில் அடங்கும். நடந்ததை நினைப்பது ஒரு வகை. செய்ய வேண்டியதை நினைப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் ஒரு விசித்திரம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்துச் சோதித்தால் இளையவர்கள் ஜெயிக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பி, அன்றாட வாழ்க்கைக்கு நடுவே செய்யச் சொன்னால் பெரியவர்கள் ஜெயிக்கிறார்கள். கனடாவில் மாரிஸ் மாஸ்கோவிச் 1980களின் தொடக்கத்திலேயே, குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்கச் சொல்லி இதைக் கவனித்தார். ஆஸ்திரேலியாவில் பீட்டர் ரெண்டலும் அவருடன் வேலை செய்தவர்களும் 1999இல் இரண்டு நிலைமைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஏன் இப்படி என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இதை நம் ஊரில் செய்ய மிஸ்டு கால் போதும். போன் வைத்திருக்கும் பெரியவர்கள் கொஞ்சம் பேர், மாணவர்கள் கொஞ்சம் பேர். ஒவ்வொருவரும் ஒரு வாரம், தினமும் இரண்டு குறித்த நேரங்களில் ப்ராஜெக்ட் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் தர வேண்டும். அலாரம் வைக்கக்கூடாது, வேறு எந்த உபாயமும் செய்துகொள்ளலாம். அழைப்புப் பதிவில் நேரம் தானாக விழுந்துவிடும். குறித்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்பதுதான் உங்கள் அளவு. இதில் பாஸ், ஃபெயில் இல்லை. யாரும் யாருக்கும் மார்க் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் நன்றாகவே செய்வார்கள் என்பது என் எதிர்பார்ப்பு. செய்யாவிட்டாலும் அது ஒரு செய்தி.

ஆனால் எண்களைவிட ருசியானது வாரக்கடைசியில் போய்ப் பேசுவது. ‘எப்படி ஞாபகம் வைத்துக்கொண்டீர்கள்?’ ஒருவர் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் என்பார். ஒருவர் ஒன்றரை மணி சீரியல் முடிந்ததும் என்பார். ஒருவர் சேலை முந்தானையில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் ‘மறந்துட்டேன் மேடம், க்ளாஸ் இருந்தது’ என்பார்கள். இந்தப் பதில்களை வகைப்படுத்தி எழுதினாலே ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் தேறும். புத்தகத்தில் இல்லாத, தென்காசியில் மட்டும் கிடைக்கும் அத்தியாயம் அது.

வைவாவில் கேட்கப்போகும் கேள்வியும் தெரிந்ததுதான்: பெரியவர்களுக்கு வேலை இல்லை, ஓய்வாக இருக்கிறார்கள், அதனால் ஞாபகம் வந்தது என்று சொல்லலாமே? நியாயமான கேள்வி. இன்னொன்று, ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்டுக்கொண்டது என்பதைப் பெரியவர்கள் வாக்குக் கொடுத்த மாதிரி எடுத்துக்கொள்வார்கள். மாணவர்களுக்கு அது இன்னொரு அசைன்மென்ட். இந்த இரண்டையும் ஒதுக்க ஏதாவது வழி உண்டா என்று மாணவர்கள் முன்கூட்டியே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். வழி கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று ஆய்வேட்டில் எழுதட்டும். அப்படி எழுதியதற்காக வெளித்தேர்வாளர் மதிப்பெண் குறைத்ததை நான் பார்த்ததில்லை.

ஐந்து பேரும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. ஒருவர் அதே பெரியவர்களிடம் சொற்பட்டியல் சோதனை செய்யலாம்: ஒரு நிமிடத்தில் தெரிந்த விலங்குகள், அடுத்த நிமிடத்தில் சந்தையில் வாங்கும் சாமான்கள். ஒரே ஆளுக்குள் இரண்டையும் ஒப்பிடுவதால் படிப்பு வித்தியாசம், தலைமுறை வித்தியாசம் எல்லாம் தொல்லை தராது. கணினியில் உட்கார விருப்பமுள்ள ஒருவர் இருந்தால், லாசி என்ற தேசிய முதுமை ஆய்வின் தரவை மும்பையிலுள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்திடம் விண்ணப்பித்து வாங்கலாம். 2017-18இல் எடுத்த முதல் சுற்றில் 45 வயதைத் தொட்டவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளுமாக 72,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள், தமிழ்நாடும் அதில் உண்டு. புள்ளியியல் துறையில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் மட்டும் இதில் இறங்குங்கள். எப்படியானாலும், ஊருக்குள் வரமாட்டேன் என்று சொல்லும் மாணவியை இங்கே ஒளித்து வைக்காதீர்கள். அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இனி கைடு வேலைக்கு வருகிறேன். சொந்தத் துறை இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள். வளரிளம் பிள்ளைகளிடம் வேலை செய்தவருக்கு, ஒருவர் முகம் சுண்டுவதைக் கண்டுபிடிக்கத் தெரியும். அது போதும். மற்றதைப் படித்துக்கொள்ளலாம்.

மாணவர்களை அனுப்புவதற்கு முன் ஒரு வகுப்பில் அவர்களையே எழுப்பி, மற்றவர்கள் முன்னால், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லுங்கள். எனக்கே 72க்கு அப்புறம் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பின்பெஞ்சில் ஒருவன் சிரிக்கும்போது காது எப்படிச் சூடாகிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும். ஐந்து நிமிடப் பாடம் அது. ஆய்வு நெறிமுறை பற்றி நான் எடுத்த எந்த விரிவுரையும் இந்த அளவு வேலை செய்ததில்லை.

அடுத்தது, முதல் சில சந்திப்புகளுக்கு நீங்களும் கூடப் போக வேண்டும். ஓரமாக உட்கார்ந்தால் போதும், பேச வேண்டாம். மாணவர்கள் பெரியவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது தாளில் தெரியாது. குழந்தையிடம் பேசுவதுபோல் இழுத்து இழுத்துச் சத்தமாகப் பேசுவார்கள். காது கேட்காமல் விட்டுப்போன கேள்வியை ‘தெரியவில்லை’ என்று குறிப்பார்கள். புரை விழுந்த கண்ணுக்கு முன்னால் சின்ன எழுத்தை நீட்டுவார்கள். ‘உங்க ஞாபகசக்தி எப்படி இருக்குன்னு டெஸ்ட் பண்ண வந்திருக்கோம்’ என்று தொடங்குவார்கள். அந்த ஒரு வாக்கியமே சோதனையைக் கெடுத்துவிடும். வயதானால் ஞாபகம் போய்விடும் என்ற பேச்சைக் கேட்டுவிட்டுச் சோதனை எழுதும் முதியவர்கள் மோசமாகச் செய்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் தாமஸ் ஹெஸ் 2003இல் காட்டினார். ‘நீங்க அன்றாட வேலையை எப்படி நினைவு வைச்சுக்கிறீங்கன்னு கத்துக்க வந்திருக்கோம்’ என்று தொடங்கட்டும். அது பொய்யும் இல்லை.

நேரத்தையும் பாருங்கள். மாணவர்கள் வகுப்பு முடித்து மூன்றரைக்குத்தான் கிளம்புவார்கள். பெரியவர்களில் பலருக்கு மனம் தெளிவாக இருப்பது காலையில், இருபது வயதுக்காரர்களுக்கு மாலையில். லின் ஹேஷரும் சிந்தியா மேயும் 1990களில் இதை ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். உங்கள் தாளில் நேரம் 4.10 என்றிருக்கிறது. மாணவிக்கு உச்ச நேரம், ஆச்சிக்குக் களைத்த நேரம். சனிக்கிழமை காலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நூறு நாள் வேலை உள்ள ஊரில் காலையில் ஆள் இருக்கமாட்டார்கள், அதையும் கேட்டுக்கொண்டு போங்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்ற எண்ணிக்கையை முன்கூட்டியே குறையுங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் கைடு ஆன முதல் வருஷம் மூன்று வாரத்தில் அறுபது பேர் வேண்டும் என்று ஒரு குழுவை விரட்டினேன். அறுபது தாளும் வந்தது. அதில் நாலு தாளில் கையெழுத்து ஒரே சாயலில் இருந்தது, தேநீர் வட்டமும் ஒன்றுபோல் இருந்தது. கடையில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். பையன்களைத் திட்டினேன், அவர்கள் அழுதார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, முடியாத எண்ணிக்கையைக் கேட்டவன் நான்தானே என்று தோன்றியது. மிதமான ஒரு தொடர்பை, அதாவது 0.3 அளவு ஒட்டுறவை, நம்பிக்கையோடு பிடிக்கவே ஏறக்குறைய 85 பேர் வேண்டும். இளநிலை மாணவர்களால் அது முடியாது. இருபது பேரை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, ‘இது முன்னோட்டம், இதை வைத்துப் பெரிய முடிவு சொல்ல முடியாது’ என்று எழுதுவது கௌரவமான ஆய்வு.

ஒவ்வொருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளட்டும். கேள்விக்கு வெளியே பெரியவர் சொன்னதை எல்லாம் அன்றிரவே அதில் எழுத வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் சந்தித்து, அந்த நோட்டைத்தான் முதலில் வாசிக்க வேண்டும், எக்செல் ஷீட்டை அப்புறம். ஆச்சியின் ‘சாரல்’ நோட்டில் விழுந்திருந்தால் அடுத்த பத்துப் பேரிடம் அந்தக் கேள்வி போயிருக்காது.

அனுமதி விஷயம். உங்கள் கடிதத்தில் எத்திக்ஸ் கமிட்டி என்ற பேச்சே இல்லை. கல்லூரியில் கமிட்டி இல்லையென்றால் பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்தையோ மருத்துவக் கல்லூரியையோ அணுகுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், சார்பில்லாத சாட்சி ஒருவர் கூட இருந்து அவரும் கையெழுத்திட வேண்டும். உங்கள் மாணவர்களில் இன்னொருவர் சாட்சி ஆக முடியாது. மிஸ்டு கால் ஆய்வில் போன் எண்கள் சேரும்; எண்ணும் பெயரும் ஒரே தாளில் இருக்கக் கூடாது. வைவா முடிந்ததும் சிம்மை என்ன செய்வீர்கள் என்பதுவரை படிவத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே நிரப்பிய பதினோரு தாள்கள் அனுமதிக்கு முன் எடுத்தவை. அவற்றை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

பேசப் போன இடத்தில் நிஜமாகவே கவலை தரும் ஒன்றைப் பார்த்தால்? தெரிந்த தெருவில் வழி தவறுகிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார், ஆறு மாதமாக மாறிவிட்டார் என்று குடும்பத்தார் தாமாகச் சொல்லலாம். மாணவர் அங்கே எதுவும் சொல்லக் கூடாது. உங்களிடம் சொல்ல வேண்டும், நீங்கள் குடும்பத்தாரிடம் பேச வேண்டும். யாரிடம் அனுப்புவது என்பது ஆய்வு தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரிடம் முன்னதாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மறதிக்குக் காரணம் பி12 குறைவாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், போடும் மாத்திரையாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். இவையெல்லாம் வைத்தியம் உள்ளவை. வீட்டில் அடிக்கிறார்கள், சோறு போடுவதில்லை என்று ஒரு பெரியவர் மாணவரிடம் சொல்லவும் கூடும். முதியோர் உதவி எண் 14567ஐ எல்லோர் போனிலும் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

துறைத்தலைவரிடம் என்ன சொல்வது? கூகுள் ஃபார்ம் யாரையும் அழவைக்காது, உண்மைதான். அதனால்தான் அதிலிருந்து மாணவர்கள் எதையும் கற்பதும் இல்லை. தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பிலேயே பத்து சதவீதத்துக்கு மேல். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக நாம் மூத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிள்ளைகள் நாளை பள்ளி ஆலோசகராகப் போனாலும் மருத்துவமனைக்குப் போனாலும் வீட்டில் ஒரு பெரியவரோடு பேசித்தான் ஆக வேண்டும். தலைவர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டால், மிஸ்டு கால் திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். செலவு என்ற இடத்தில் ஒரு சிம் என்று போடுங்கள்.

இனி அந்த மாணவி. அவள் செய்தது தப்புதான், ஆனால் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெரியவர் மார்க் கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. ஒத்திகை உங்கள் வேலை, முன்னால் என் வேலையாகவும் இருந்தது. அவளிடம் முதலில் இந்தத் தாளைக் கொடுங்கள். ஐந்து பேரும் தனித்தனியாக, அந்தப் பதினேழை மறைத்துவிட்டு, ஆச்சியின் பதில்களுக்கு மறுபடி மதிப்பெண் போடட்டும். ‘சாரல்’ சரியா, ‘திருநெல்வேலி ஜில்லா’ சரியா என்று அடித்துக்கொள்ளட்டும். ஐந்து விதமான எண் வரும். நீங்களும் ஒன்று போடுங்கள், ஆறாவதாக.

அப்புறம் வருகிற சனிக்கிழமை காலை நீங்களும் அவளும் மட்டும் அந்த வீட்டுக்குப் போங்கள். மகன் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், அவரிடம்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆச்சியிடம் மாணவியே பேசட்டும்: ‘ஆச்சி, நாங்க கேட்ட கேள்வியே தப்பு. அந்த மார்க்குக்கு அர்த்தம் கிடையாது. நான் சொன்ன மூணு வார்த்தையையும் நீங்க திருப்பிச் சொன்னீங்க, அதை அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்.’ இதற்கு மேல் எதையும் சேர்க்க வேண்டாம். ஆச்சி சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒப்புதல் படிவத்தை அன்றைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.